திங்கட்கிழமை மஞ்சளாகிப் போன பொட்டாசியம் ஓசோனைடு

பகிர்வு 1
பொட்டாசியமும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஓசோனைடு அயனியும் சேர்ந்த உப்பான பொட்டாசியம் ஓசோனைடைச் செய்ய, குளிர்வித்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தூளின் மீது ஓசோனைச் செலுத்தி, தூள் செம்மஞ்சள் நிறம் கொண்டதும் நீர்ம அம்மோனியாவால் கரைத்து வடித்தோம். வடிதட்டின் அடியில் முதல் துளி இரத்தச் சிவப்பாகத் திரண்டு, விழாமல் சற்று நேரம் தொங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அம்மோனியா ஆவியான பின் எஞ்சிய செந்நிறப் படிகங்களை வெள்ளி மாலை அறை வெப்பநிலையிலேயே விட்டுச் சென்றேன். திங்கட்கிழமை ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஈரம் புகுந்துவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதினேன். அது சரிதானா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

மறுமொழி 2
ஈரம் அன்று. நீர் பட்டிருந்தால் நான்கு ஓசோனைடுக்கு ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளியேறி, வெள்ளை ஹைட்ராக்சைடு மட்டுமே எஞ்சியிருக்கும். மஞ்சள், ஓசோனைடு அயனி ஓர் ஆக்சிஜன் அணுவை இழந்து சூப்பர் ஆக்சைடாக மாறியதன் அடையாளம். எனக்கு ஒருமுறை, அப்படி வெளியேறிய ஆக்சிஜனின் அழுத்தத்தால் இறுக மூடிய குழாயின் மூடி தெறித்தது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் தாங்கள் இனியேனும் உலர்ந்த மந்த வாயுவில், உறைகுளிரில் வையுங்கள்; மூடியில் மசகு தடவாதீர்கள்; லித்தியம், சோடியம் உப்புகளை முயலவே வேண்டாம், அவை இதைவிட மோசமானவை. நிலைத்த உப்புதான் வேண்டுமென்றால் டெட்ராமெத்தில் அம்மோனியம் ஓசோனைடை நாடுங்கள், அது ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் வரை தாங்கும்.

மறுமொழி 3
ஓசோனைடு சிவப்பா? −78 பாகை செல்சியஸில் ஆல்கீன் (கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) கரைசலில் ஓசோனைச் செலுத்தியபோது நான் கண்டது மெல்லிய நீலம்.

மறுமொழி 4
அந்த நீலம், ஆல்கீன் தீர்ந்த பிறகு கரைசலில் மிஞ்சிய ஓசோனின் நிறம். கரிம ஓசோனைடு மின்சுமையற்ற வளையம், பெயர்தான் ஒன்று. இங்கே பேசப்படுவது, ஓசோன் ஓர் எலக்ட்ரானை ஏற்று, இணைசேராத எலக்ட்ரான் ஒன்றுடன் நிற்கும் அயனி. அதன் உப்பை நான் கையாண்டதில்லை; அயனியைக் கரைசலில் மட்டும் கண்டிருக்கிறேன். ஆக்சிஜன் கரைந்த வலுவான காரக் கரைசலில் எலக்ட்ரான் துடிப்பைச் செலுத்தினோம். அதனால் நீரிலிருந்து பிறந்த ஹைட்ராக்சில் தனி உறுப்பு (radical) புரோட்டானை இழந்து ஆக்சிஜனுடன் சேர, 430 நானோமீட்டரில் ஓசோனைடு அயனியின் ஒளி உட்கவர்தல் சட்டென எழுந்து மெல்லச் சரிந்தது. ஐயத்தோடு அடுத்த கரைசலில் ஆர்கானைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றினேன். அந்த எழுச்சி ஏறக்குறைய வரவே இல்லை.