அவசரம்: ராத்திரியோடு ராத்திரியாகப் புல்தரை நாசம், கூடவே கவுன்டி கடிதம்

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. டவுனுக்குள் வீடு கட்டுப்படியாகவில்லை. வேலைக்கு அரை மணி நேரம் வண்டி ஓட்டினாலும் பரவாயில்லை என்று ஊருக்கு வெளியே வந்துவிட்டோம். மூன்று பக்கமும் மக்காச்சோளம்.

நேற்றுக் காலையில் பின்கதவைத் திறந்தால், புல்தரையைப் பாய் சுருட்டியது மாதிரி உரித்துப் போட்டிருக்கிறது. அடியில் வெறும் மண். மதியம் தபாலில் கவுன்டியிலிருந்து, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்திலிருந்து, கடிதம். வேலியோரம் களை இருக்கிறதாம், கெடுவுக்குள் அழிக்காவிட்டால் அவர்களே ஆள் விட்டு அழித்துச் செலவை வசூலிப்பார்களாம். பக்கத்து வயல்காரர்தான் போட்டுக்கொடுத்திருப்பார். புல்லைக் கிழித்ததும் அவரா? வீட்டில் பயந்துபோய் ராத்திரியெல்லாம் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள். போலீசுக்குப் போகலாமா? விசாவுக்கு ஏதும் சிக்கல் வருமா? ரவுண்டப் களைக்கொல்லி வாங்கி அடித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டெக்சஸ்வாசி:
ப்ரோ, டென்ஷன் ஆகாதீர்கள். இது படைப்புழு. ஆகஸ்ட், செப்டம்பரில் மழை பெய்ததும் கூட்டமாக வந்து புல்லை மொட்டையடித்துவிடும். 2018இல் நம் ஊர் மக்காச்சோளத்துக்கு வந்து படுத்தியதே, அதே பூச்சிதான். மருந்து வாங்கித் தெளியுங்கள். பெர்முடா புல் தானாகத் தழைத்துவிடும். களைக்கு ரவுண்டப் தாராளமாக அடிக்கலாம். நான் வந்த புதிதில் ஜூலை வெயிலில் தள்ளு மிஷினை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கரை வெட்டி நாக்குத் தள்ளியது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. முதல் வேலையாக ரைடிங் மோவர், அதான் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி, வாங்குங்கள்.

நெல்லை மருமகள், லிங்கன்ஷயர்:
படைப்புழு புல்லைத் தின்னுமே தவிரச் சுருட்டாது அண்ணா. இங்கே இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்வது பேட்ஜர், வளை தோண்டி வாழும் விலங்கு. மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத் தேடிப் பிய்த்துப்போடும். அதன் வளையில் கை வைத்தால் 1992 சட்டப்படி குற்றம், ஜாக்கிரதை. புல்லை வெட்டியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? மே மாதம் முழுக்க வெட்டாதீர்கள் என்று இங்கே இயக்கமே நடக்கிறது, தேனீக்கு நல்லது. மோவருக்குக் கொட்டுகிற காசில் நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்கலாம். முதல் குளிர்காலம் முழுக்க நான் களிமண்ணில் கால் புதைந்து அழுதிருக்கிறேன்.

டெக்சஸ்வாசி:
கடிதம் வந்திருப்பதே வெட்டாததால்தான். அவரிடம் போய் வெட்டாதே என்கிறீர்களே அக்கா.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, எந்த நாடு என்று முதலில் சொல்லும். கவுன்டி அமெரிக்காவிலும் இருக்கு, இங்கிலாந்திலும் இருக்கு, கனடாவிலும் இருக்கு.

நாங்கள் வந்த காலத்தில் புல்லும் இல்லை, தரையும் இல்லை. பேஸ்மென்ட் அறையில் ஆறு பேர், இரவு வேலை, பஸ்ஸுக்கு நின்றால் பனியில் காது விறைத்துப்போகும். இப்ப வாற பிள்ளைகள் வந்த உடனேயே ஏக்கர் கணக்கில் வீடு பார்க்கினம், பிறகு புல்லுக்கு அழுகினம். ஒரு ஆளைப் பிடித்துக் காசைக் குடுத்துவிட்டு நிம்மதியாய் இரும்.

மலைக்கோட்டை:
கனடாதான் அண்ணை. ஒன்டாரியோ, உட்ஸ்டாக் பக்கம், ஆக்ஸ்போர்டு கவுன்டி. நாங்கள் ஏக்கர் ஆசையில் வரவில்லை. டவுனில் இரண்டு படுக்கையறைக்குக் கேட்ட வாடகையில் இங்கே முழு வீடு கிடைத்தது.

நெல்லை மருமகள், லிங்கன்ஷயர்:
எல்லாரும் அந்த வாடகையைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். கறிவேப்பிலை வாங்க நாற்பது நிமிஷம் போகவேண்டும் என்று யாராவது சொன்னார்களா? ஏப்ரலில் வயலுக்கு எரு அடிப்பார்கள், துணி காயப்போட முடியாது. கதவைச் சாத்தினாலும் சாம்பாரில் அந்த வாடைதான்.

டெக்சஸ்வாசி:
கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டீர்களே. எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். இன்டர்நெட் மழை வந்தால் படுத்துவிடும்.

ஸ்கார்பரோ அண்ணை:
அதுக்குத்தான் டொரன்டோவில் ஸ்கார்பரோப் பக்கம் இருங்கோ என்று சொல்லுறது. இறங்கி நடந்தால் இடியப்பம்.

ஈரோட்டுக்காரன், ஒன்டாரியோ:
இடியப்பம் இருக்கட்டும், அவருக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. மலைக்கோட்டை, மூன்று விஷயம் சொல்லுங்கள். வாடகையா, சொந்தமா? கடிதத்தில் எந்தக் களையின் பெயர் போட்டிருக்கிறது? உரித்த இடத்து மண்ணில் என்ன தெரிகிறது?

போலீசுக்குப் போகவேண்டாம். புல்லைச் சுருட்டியது ரக்கூன், ராத்திரியில் திரியும் விலங்கு. ஸ்கங்க் என்கிற நாற்றமடிக்கும் விலங்கு என்றால் சின்னச் சின்னக் குழியாகப் பறித்திருக்கும், ரக்கூன்தான் கையால் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டும். இரண்டுமே தேடுவது வண்டுப் புழுவை. நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு அடிச் சதுரத்துக்கு மூன்று பக்கம் வெட்டி, புல்லைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, சுருண்டு கிடப்பதை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் கண்டுகொள்ளவேண்டாம். பத்துக்கு மேல் போனால் வைத்தியம் வேண்டும்.

மலைக்கோட்டை:
வாடகைதான் அண்ணா. புல் எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடிதத்தில் 'கனடா திஸில்' என்று இருக்கிறது. வேலியோரம் இடுப்பு உயரத்துக்கு முள் இலையோடு நிற்கிறது, ஊதாப் பூ, பாதி பஞ்சாகப் பறக்கிறது. மண்ணைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு அடியில் பதினாலு புழு. வீட்டு ஓனரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஈரோட்டுக்காரன், ஒன்டாரியோ:
இன்றைக்கே சொல்லுங்கள், கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒன்டாரியோ களைச் சட்டப்படி இடம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழிக்கவேண்டும், அதனால் ஓனரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. ஆனால் அவர்கள் ஆள் விட்டு வெட்டினால் செலவு நிலவரியில் ஏறும், அது ஓனர் தலையில் விழும். பிறகு அவர் உங்களிடம்தான் வருவார். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வயல்காரர் மேல் கோபப்படாதீர்கள். டவுன் நடுவில் இதே செடி நின்றால் இந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. விவசாய நிலத்தைக் கெடுக்கிற தூரத்தில் நின்றால்தான் பிரச்சினை. அந்தப் பஞ்சோடு விதையும் பறந்து அவர் காட்டில் விழும்.

ரவுண்டப் பேச்சே வேண்டாம், டெக்சஸ் கணக்கு இங்கே செல்லாது. 2009 ஏப்ரல் முதல் ஒன்டாரியோவில் வீட்டுப் புல்லுக்கு அழகுக்காகக் களைக்கொல்லி அடிக்கத் தடை. அதே பொருள் பாய்சன் ஐவிக்கென்று, அதாவது தோலில் பட்டால் அரிக்கும் விஷச்செடிக்கென்று, கடையில் இருக்கும், பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 'நீங்களே கொஞ்சம் அடித்துவிடுங்கள்' என்று விவசாயியிடமும் கேட்காதீர்கள், அவருக்கு இருக்கும் அனுமதி பயிருக்குத்தான்.

கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முதலில் பூவையும் பஞ்சையும் பைக்குள் வைத்து நறுக்குங்கள், அப்புறம் தண்டை அடியோடு வெட்டுங்கள். பை குப்பைக்குப் போகட்டும், உரக்குழிக்கு வேண்டாம். மண்வெட்டியால் கொத்தாதீர்கள். வேர் பக்கவாட்டில் ஓடும், உடைந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். துளிர்க்கத் துளிர்க்க வெட்டவேண்டும், அடுத்த ஜூனில் மொட்டு விடும்போது கட்டாயம் வெட்டவேண்டும். வெட்டியதைப் படம் எடுத்து, கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தானே போன் செய்கிறவரிடம் இன்ஸ்பெக்டர்கள் பெரும்பாலும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

புழுவுக்கு நெமடோடு வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழு, வண்டுப் புழுவுக்குள் புகுந்து கொன்றுவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் சரியான காலம், அப்போது புழு சின்னதாக மேலாக்கவே இருக்கும். வெயில் பட்டால் நெமடோடு செத்துவிடும். அதனால் மண்ணை நனைத்து, சாயங்காலம் தெளித்து, மறுபடி நனையுங்கள். வசந்தத்தில் அடித்தால் காசுக்குப் பிடித்த கேடு.

சுருட்டிய புல்லை விரித்து, காலால் மிதித்துத் தண்ணீர் ஊற்றுங்கள், பாதியாவது பிடிக்கும். மிச்ச இடத்தில் விதை போட இதுதான் பருவம். ரை புல் ஒரு வாரத்தில் முளைக்கும். கென்டக்கி புளூகிராஸ் இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அது முளைக்கவில்லை என்று மறுபடி விதை வாங்காதீர்கள். பெர்முடாவை இந்தக் குளிருக்கு யாரும் போடுவதில்லை.

பனிக்கு முன் கடைசி வெட்டை இரண்டரை அங்குலத்துக்கு இறக்குங்கள். நீளமாக விட்டால் பனிக்கடியில் வோல் எலி பாதை போட்டுவிடும். ஏப்ரலில் மண் சொதசொதவென்று இருக்கும்போது மிதிக்காதீர்கள். மே முதல் மூன்று அங்குலம் வைத்து வெட்டலாம். ஜூலையில் பழுப்பானால் தூங்குகிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரை அதற்குக் கொட்டவேண்டாம்.

நெல்லை அக்கா சொல்வதுபோல வேலியோரம் வளரவிடவும் முடியாது. திஸில் ஒரு பக்கம், இந்தப் பக்கம் உண்ணியும் உண்டு, கடித்தால் லைம் நோய் வரலாம். வெட்டிய புல்லை ஓடையில் தள்ளாதீர்கள், வயல் வடிகால் பெரும்பாலும் அதில்தான் வந்து விழும். ரைடிங் மோவர் வாங்குவதற்கு முன் ஓனர் ஷெட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எதை ஓட்டினாலும் செப்டிக் படுகை, அதாவது வீட்டுக் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம், அதன் மேல் கனமான வண்டி ஏறக்கூடாது.

எரு வாடைக்கு யாரிடமும் புகார் போடாதீர்கள். வழக்கமான விவசாய வேலைக்கு 1998ஆம் வருடச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

டெக்சஸ்வாசி:
சரி ப்ரோ, ரவுண்டப்பை வாபஸ் வாங்குகிறேன். மோவரை வாபஸ் வாங்கமாட்டேன்.

மலைக்கோட்டை:
ரொம்ப நன்றி அண்ணா. திஸில் எல்லாம் பைக்குள் போயாயிற்று. இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் வந்து பார்ப்பாராம். ஷெட்டில் ஒரு பழைய ஜான் டியர் மோவர் இருக்கிறது, பெல்ட் மாற்றவேண்டும் என்கிறார் ஓனர். நெமடோடும் வாங்கியாயிற்று. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி அட்டையில் போட்டிருக்கிறது. இட்லி மாவுப் பக்கத்தில் புழுவா என்று வீட்டில் கதவையே திறக்கவிடமாட்டேன் என்கிறாள். ரெண்டு நாள் வெளியே இருந்தால் கெட்டுவிடுமா?

ஈரோட்டுக்காரன், ஒன்டாரியோ:
கெட்டுவிடும். இன்றைக்குச் சாயங்காலமே அடித்துவிடுங்கள், உங்கள் பக்கம் மழைகூட வருகிறது.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, அந்த ஜான் டியரின் மாடல் நம்பரைப் போடும். பெல்ட் எங்கே மலிவு என்று நான் கேட்டுச் சொல்லுறன்.