அப்பாவோட சூட்கேஸ் நம்பர் லாக்: 6, 3, 2 வெச்சு மொத்தம் எத்தனை நம்பர் வரும்?

சத்துவாச்சாரி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா போஸ்டாபீஸ்ல சார்ட்டிங் வேலை பாத்தவரு, போன மாசம் தவறிட்டாரு. அவரோட பழைய சூட்கேஸ் ஒண்ணு கீது, நாலு சக்கரம் நம்பர் லாக், நம்பர் யாருக்கும் தெரியாது. அம்மாகிட்ட மட்டும் எப்பவோ "நம்மூர் பின்கோடு 632 தான், அதுல ஒண்ணு ரெண்டு தடவை வரும், மாத்தி மாத்தி வெச்சிருக்கேன்"னு சொன்னாராம். கடைல வெட்டிடலாம்ன்றாங்க, எனக்கு மனசு வரல, அவரு கை பட்ட பூட்டு. மாமா பையன் 24ன்றான், பதினொண்ணாவது படிக்கிற அக்கா பொண்ணு 81னு சொல்லுது. எது சரி?

காட்பாடி_டியூஷன்:
ரெண்டும் இல்ல தம்பி, 36. நாலும் வேற வேற நம்பரா இருந்தாதான் 4! = 4×3×2×1 = 24 வரும். இங்க 6 ரெண்டு தடவைனு வெச்சுக்கோ, அந்த ரெண்டு 6ஐயும் இடம் மாத்துனா நம்பர் மாறாது இல்லியா, அதனால 24ஐ 2ஆல வகுத்து 12. இரட்டிக்கிறது 6ஆ, 3ஆ, 2ஆனு மூணு வழி இருக்கு, 3 × 12 = 36. பாப்பா சொன்ன 81ம் சும்மா வந்ததில்ல, சக்கரத்துக்கு 3 வழி, 3×3×3×3. ஆனா அதுல மூணு நம்பரும் வரணும்ங்கற கண்டிஷன் இல்ல. 6666 மாதிரி ஒரே நம்பர் வர்றது 3, ரெண்டே நம்பர் மட்டும் வர்றது 3 × 14 = 42 (மூணு ஜோடி, ஒவ்வொண்ணுக்கும் 2×2×2×2 = 16, அதுல ஒரே நம்பரா வர்ற 2ஐ விட்டா 14), இதைக் கழிச்சா 81 - 45 = 36. ரெண்டு வழிலயும் ஒரே விடை, பாப்பாகிட்ட காட்டு.

ஆற்காடு_மக்கன்பேடா:
அம்மாவுக்கு "ரெண்டு தடவை"ங்கறது சரியா ஞாபகம் இல்லாம போயிருந்தா? நாலாவது வேற நம்பரா இருந்தா மீதி 7ல ஒண்ணு, 7 × 24 = 168, முன்னாடி 36, ஆக 204. ஒண்ணுக்கு அஞ்சு செகண்ட் வெச்சாலும் பதினேழு நிமிஷம்தான், வெட்டவே வாண்டாம். பின்கோடு பாத்த மனுஷர், குடியாத்தம் 632602, அதனால 6326 மொதல்ல போட்டுப் பாருங்க. அது இல்லனா மனசுல வர்றதைப் போடாதீங்க, போட்டதையே திரும்பப் போட்டுட்டு எதை விட்டோம்னே தெரியாம போயிடும். பேப்பர்ல எழுதி அடிச்சுக்கிட்டே வாங்க. ரெண்டு 6க்கு:
6632, 6623, 6362, 6263, 6326, 6236, 3662, 2663, 3626, 2636, 3266, 2366.
ரெண்டு 6 உக்கார ஆறு ஜோடி இடம், மீதி ரெண்டு இடத்துல 3ம் 2ம் ரெண்டு விதமா. 6ம் 3ம் இடம் மாத்திக்கிட்டா அடுத்த லிஸ்ட், 6ம் 2ம் மாத்திக்கிட்டா கடைசி லிஸ்ட்.

சத்துவாச்சாரி_பையன்:
அண்ணா தொறந்துடுச்சு!! 6326 இல்ல, அப்புறம் லிஸ்ட்ட வரிசையா போட்டேன், 3626ல கிளிக்னு சத்தம், அம்மா அப்படியே உக்காந்துட்டாங்க. உள்ள அவங்க கல்யாணப் பத்திரிகை, சேமிப்பு பாஸ்புக், பேட்டரி போன கடிகாரம். ரொம்ப நன்றிண்ணா, சார் உங்களுக்கும். பூட்டு அப்படியே இருக்கும், நம்பர் மாத்த மாட்டேன் (இங்க போட்டுட்டேன், பரவால்ல, பெட்டி வீட்டை விட்டு போகாது). அக்கா பொண்ணு கேக்குது, அஞ்சு சக்கரம்னா அதே மூணு நம்பருக்கு எத்தனை வரும்?

காட்பாடி_டியூஷன்:
பாப்பாவையே போடச் சொல்லு. மொத்தம் 3^5 = 243. ஏதாவது ஒரு நம்பர் வராதது 3 × 32 = 96 (மீதி ரெண்டு நம்பருக்கு 2^5 = 32), அதைக் கழிக்கணும், ஆனா 66666, 33333, 22222 மூணும் ரெண்டு தடவை கழிஞ்சிடும், அதனால 3 திரும்பக் கூட்டணும். 150 வரணும். நாலு சக்கரத்துக்கும் இதையே போட்டு 81 - 48 + 3 = 36 வருதான்னு சரிபார்க்கச் சொல்லு.