தனியாக இருப்பவர்களின் சாப்பாடும் மறதியும்: நம் மலையில் நீங்கள் பார்த்தது என்ன?

குன்னூர் மருமகள்:
மாமா போன பிறகு அத்தை கோத்தகிரி வீட்டில் தனியாகவே இருந்தார். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் வைத்து ஊரையே உட்காரவைத்தவர், ‘ஒருத்திக்கு எதற்கு அடுப்பு’ என்று இரண்டு வேளையும் டீயும் வர்க்கி பிஸ்கட்டுமாக ஓட்டினார். மழைக்காலம் வந்ததும் அக்கம்பக்கம் போவதும் நின்றது. பிறகு கேஸை அணைக்க மறந்தார், பேரன் பெயர் தடுமாறியது. பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரையும் ஏறியிருந்தது. ஊசி போட்டதில் ஓரளவு தெளிந்தார், முழுதாக இல்லை. ‘மூளை அழற்சி’ என்று டாக்டர் ஏதோ சொன்னார். யாராவது விளக்குங்களேன்.

கூடலூர் செவிலியர், பணி ஓய்வு:
மூளையின் காவல் செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். கிருமி வந்தால் பாய வேண்டியவை அவை. சும்மாவே சீறிக்கொண்டிருந்தால் அதுதான் மூளை அழற்சி, நரம்புக்குத்தான் கேடு. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளுக்குச் சில நாட்களிலேயே பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸில் அழற்சி தெரிந்திருக்கிறது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் இச்செல்களை அடக்கிவைக்க உதவுகின்றன. மைதாவும் வனஸ்பதியுமான வர்க்கியில் அந்த நார் ஏது? தனிமையில் இருப்பவர்களின் ரத்தத்திலும் அழற்சிக் குறியீடுகள் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீரவில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட 14 மறதிநோய் அபாயக் காரணிகளில் சர்க்கரை நோய், தனிமை, காது கேளாமை மூன்றும் உண்டு. எஸ்டேட் லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நான் பார்த்தவரை காதுதான் முதலில் போகிறது. பேச்சு புரியாதவர் கூட்டத்துக்கு வருவதில்லை. வராதவருக்குச் சமைக்கவும் மனமில்லை. அத்தையின் காதைச் சோதித்தீர்களா அம்மா?

பூம்பாறை விவசாயி:
மலைப்பூண்டு தின்றால் மூளை அழற்சி போகும் என்று இங்கே ஒருவர் விற்கிறார். பூண்டு போடுகிறவன் நான், நானே நம்பவில்லை. அப்பா ஆயுள் முழுக்கக் கேழ்வரகுக் களி சாப்பிட்டவர். கூட்டாளி இறந்ததும் திண்ணையை விட்டு எழவில்லை, களியும் இறங்கவில்லை. அறுவடையில் பூண்டு கட்டுகிற பெண்களோடு உட்காரவைத்தோம். அவர் கட்டியதை அவர்கள் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது, அது வேறு கதை. ஆனால் மதியம் அவர்களோடு நன்றாகச் சாப்பிட்டார். மறதி அப்படியே இருக்கிறது. எரிந்து விழுவது குறைந்திருக்கிறது.

குன்னூர் மருமகள்:
காதைச் சோதிக்கவில்லை அக்கா. டிவி சத்தம் தெருவுக்கே கேட்கும். இந்த வாரமே உதகைக்கு அழைத்துப் போகிறேன்.