டேட் மாடர்ன் தரையில் ஓடிய வெடிப்பு

லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நடந்து முடிந்த கண்காட்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், பலரும் கலைஞர் ஓலாஃபுர் எலியாசனின் செயற்கைச் சூரியனைத்தான் முதலில் சொல்வார்கள். 2003இல் அங்குள்ள பெரிய டர்பைன் கூடத்தில் மல்லாந்து படுத்து, கூரைக் கண்ணாடியில் தங்கள் உருவத்தைத் தேடியவர்களில் நானும் ஒருத்தி. அழகான அனுபவம்தான். ஆனால் என்னை உலுக்கியது அதே கூடத்துக்குப் பின்னர் வந்த டோரிஸ் சால்செடோவின் 'ஷிபோலேத்'.

2007 அக்டோபரிலிருந்து 2008 ஏப்ரல் வரை அது இருந்தது. சிலை இல்லை, திரை இல்லை. கான்கிரீட் தரையில் ஒரு வெடிப்பு, அவ்வளவே. மயிரிழையாகத் தொடங்கி, கிளைவிட்டு, அகன்று, 167 மீட்டர் நீளத்துக்கு ஓடியது. குனிந்து பார்த்தால் உள்சுவரில் கம்பிவலை பதிந்திருந்தது. வேலிகளுக்கு அடிக்கிற அதே வலை. குழந்தைகள் கையை விட்டுப் பார்த்தார்கள். பெரியவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு வந்த மாமி கொழும்பில் வாழ்ந்தவர். தலைப்பு என்னவென்று கேட்டார். பைபிளில் நியாயாதிபதிகள் நூலில் வரும் கதையைச் சொன்னேன். போரில் தோற்ற எப்பிராயீமர் யோர்தான் ஆற்றுத் துறையைக் கடக்க வரும்போது, வென்ற கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள். 'ஷ' வராமல் 'சிபோலேத்' என்று உச்சரித்தவரை அங்கேயே கொல்வார்கள்.

"எங்களைப் பால்திய சொல்லச் சொன்னார்கள், பிள்ளை" என்றார் மாமி.

சிங்களத்தில் அது வாளி. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வழிமறித்தவர்கள் கேட்ட சொல். முதலெழுத்தான 'b' ஒலி வகரமாக விழுந்தால் தமிழர் என்று முடிவு. சிங்களவர் நடுவே வளர்ந்த மாமிக்கு அது சரியாக வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கு வரவில்லை.

சால்செடோ கொலம்பியாக்காரர். ஐரோப்பாவுக்கு வரும் குடியேறிகளையும் இனவெறியையும் மனத்தில் வைத்து இதைச் செய்தார். எங்கள் ஜூலை அதில் இல்லை. ஆனாலும் அங்கே நின்றவர்களில் மாமி அளவுக்கு அதைப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். சமகாலக் கலை படித்தவர்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கண்காட்சி முடிந்ததும் வெடிப்பை நிரப்பிவிட்டார்கள், தழும்பு இருக்கிறது. டர்பைன் கூடத்துக்கு டிக்கெட் தேவையில்லை. போகிறவர்கள் தரையைப் பாருங்கள், நிறம் மாறிய கோடாகத் தெரியும். அது திறந்திருந்த காலத்தில், 83ஐக் கடந்து வந்த பெரியவர்களோடு போனவர்கள் யாரேனும் இருந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.