மலை வீட்டுக்கு அடர் நிறம் அடித்தவர்கள் இருக்கிறீர்களா? எங்கள் அனுபவம் இது

கோத்தகிரி மருமகள்

எங்கள் வீடு கோத்தகிரியில், தேயிலைச் சரிவின் ஓரத்தில். கட்டிய நாளிலிருந்து சந்தன நிறம்தான். இரண்டு மழைக்காலம் தாண்டினால் வடக்குச் சுவர் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், கீழே முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறை, சன்னலுக்கு அடியில் கறுப்புக் கோடு கோடாக வழிந்திருக்கும், எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் அடுத்த மழைக்கு அதே கதை. அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடர் சாம்பல் அடித்துவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. "ஏம்மா, விளக்கேத்துற வீட்டை இழவு வீடு மாதிரி ஆக்கணுமா?" என்று கேட்டார். அந்த வார்த்தையைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கறுப்புக்குக் கிட்டப் போகாமல் கொஞ்சம் மண் கலந்த மாதிரி இருக்கும் சாம்பலையும் பார்க்கலாம் அத்தை என்றேன்.

அப்படிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஷேட் கார்டில் பிடித்த மூன்று சாம்பலை ஒவ்வொரு லிட்டர் வாங்கி, நாலு பக்கச் சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பத்து நாள் அப்படியே விட்டோம். காலை வெயிலில் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. சாயங்காலம் மூடுபனி இறங்கியதும், நான் முதலில் ஆசைப்பட்ட சாம்பல் நீலமாகிவிட்டது, பள்ளிக்கூடச் சீருடை மாதிரி. பழுப்பு கலந்தது மட்டும் எந்த நேரத்திலும் சாம்பலாகவே நின்றது. உள்ளங்கை அளவு அட்டையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கவே கூடாது. பெரிய சுவரில், வெளிச்சத்தில், அதே நிறம் ஒரு படி வெளுத்துத்தான் தெரியும்.

தப்பு செய்தது எங்கே என்றால், வேலையை நவம்பரில் தொடங்கியதில். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்று தெரிந்திருந்தும், பெயிண்டர் கிடைத்த தேதியை விட மனசில்லாமல் சரி என்றுவிட்டோம். இரண்டாவது கோட் முடித்த இரவே பனி. காலையில் பார்த்தால் சுவர் முழுக்கக் கஞ்சி வடிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள், தொட்டால் பிசுபிசு. பெயிண்ட் போலி என்று பெயிண்டர் சொல்ல, கடைக்காரரோ, பெயிண்டர் அடித்த கை சரியில்லை என்று சொல்ல, அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். இது யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஊட்டி பெயிண்டர் மகன்

அக்கா, போலியும் இல்லை, கையும் காரணமில்லை. அப்பாவோடு சின்ன வயசிலிருந்து வேலைக்குப் போகிறேன், இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எமல்ஷனுக்குள், அதாவது தண்ணீரில் கலக்கிற பெயிண்டுக்குள், சோப்பு போன்ற ஒரு பொருள் இருக்கிறது, நிறமும் பிசினும் தண்ணீரில் பிரியாமல் கலந்திருக்க அதுதான் உதவுகிறது. பெயிண்ட் முழுசாக இறுகும் முன் பனியோ தூறலோ பட்டால் அந்தப் பொருள் வெளியே வந்து வழியும். வெள்ளைச் சுவரிலும் வரும், கண்ணுக்குத் தெரியாது. அடர் நிறத்துக்கு மிஷினில் கலர் நிறைய ஊற்றிக் கலப்பதால் அதில் இந்தப் பொருளும் அதிகம், தெரிவதும் அதிகம். சில நாள் நன்றாகக் காயவிட்டு வெறும் தண்ணீரால் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். அவசரப்பட்டு அதன்மேலேயே இன்னொரு கோட் அடிக்கக் கூடாது.

பெரும்பாலான எமல்ஷனை 10 டிகிரிக்குக் கீழே அடிக்கக் கூடாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். அதனால் எங்கள் கணக்கு இதுதான்: சுவரில் ஈரம் வற்றிய பிறகு பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும். மிச்ச நேரம் பனிக்கு முன் காய்வதற்கு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் அடர் நிறத்துக்கு ஏற்ற காலம்.

நிறம் வெளுக்கிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையில் வெயில் சுடாது, ஆனால் இவ்வளவு உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியை விட அதிகம். பளிச்சென்ற அடர் சிவப்பு, நாவல்பழ நிறம் எல்லாம் சீக்கிரம் மங்கும். காவி, மண் பழுப்பு, இரும்பு ஆக்ஸைடில் வரும் கறுப்பு, இவை நிற்கும். பழைய பங்களாக்களின் தகரக் கூரைக்கு எல்லாரும் ரெட் ஆக்ஸைடு அடித்தது சும்மா இல்லை. சில ஷேட் கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருக்கும், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்ற கணக்கு அது, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. எண் குறையக் குறையச் சுவர் வெயிலை இழுக்கும். மேட்டுப்பாளையத்தில் அதனால் வீட்டுக்குள் வேகும், இங்கே பிரச்சினை வேறு. ராத்திரி விறைத்த சுவர் பகலில் சட்டென்று சூடாகும், விரிந்து சுருங்கிப் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். விரிசலில் தண்ணீர் போனால் அப்புறம் உப்பு. அடர் நிறத்தில் உப்பு பூத்தால் விபூதி பூசிய மாதிரித் தெரியும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாளாவது விட்டுவிட்டுத்தான் பிரைமர், இதில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

கொடைக்கானல் பழைய வீடு

நாங்கள் வேறு மாதிரி அடிபட்டோம். எங்களுடையது தாத்தா வாங்கிய கருங்கல் வீடு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அண்ணன் ஆசைப்பட்டு வெளியே முழுக்க நல்ல கெட்டியான, தண்ணீர் புகாத பெயிண்ட், கரும்பச்சையில் அடித்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு எல்லாரும் நின்று படம் எடுத்தோம், அவ்வளவு அழகு. அடுத்த மழை முடிந்ததும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, கையால் இழுத்தால் தோல் மாதிரி உரிந்தது. கல்லுச் சுவர் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை எடுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சை நாங்கள் அடைத்துவிட்டோம். முழுக்கச் சுரண்டி எடுக்கப் பெயிண்ட் செலவை விடக் கூலி அதிகமானது. கடைசியில் ஒரு பெரியவர் சொன்னபடி நீற்றிய சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து மூன்று கை அடித்தோம். அடர்த்தியாக வராது, சுண்ணாம்பு எதையும் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் ஊட்டியில் 1831-ல் திறந்த செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்களே, அந்த வெளிர் மஞ்சள் பனிக்குள்ளும் எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது. எங்கள் வீடும் இப்போது அப்படித்தான் நிற்கிறது. கரும்பச்சை ஆசையை மரச் சன்னலுக்கும் கதவுக்கும் எனாமலில் தீர்த்துக்கொண்டார் அண்ணன்.

குன்னூர்

எங்கள் பக்கம் காட்டுமாடு இரவில் தோட்டத்துக்குள் வந்து சுவரில் உரசிவிட்டுப் போகும். சேறும் கோடும்தான். அதனால் தரையிலிருந்து மூன்றடிக்கு அடர் பழுப்பு, மேலே வெளிர் சாம்பல். கீழே மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கோட், செலவு பெரிதாக இல்லை. அடர் நிறத்தில் நடுவில் மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும், மூலையிலிருந்து மூலை வரை முழுசாக அடித்துவிடுங்கள்.

கோத்தகிரி மருமகள்

தம்பிக்கு நன்றி. நாங்களும் அப்படித்தான் கழுவினோம், மறுமுறை அடிக்காமலே தப்பியது, ஆனால் காரணம் இன்றைக்குத்தான் தெரிகிறது.

இரண்டு மழைக்காலம் ஆன பிறகு சுவர் எப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்கிறேன். கறுப்புக் கோடுகள் தெரியவே இல்லை, செம்மண் கறையும் பழுப்புச் சாம்பலில் பாதி மறைந்துவிடுகிறது. வடக்குச் சுவரில் பாசி வரத்தான் செய்கிறது, பாசிக்கு நிறம் பற்றிக் கவலை இல்லை. கூரை நீட்டம் அங்கே ஒரு அடிதான், அதை இரண்டடியாக நீட்டித் தண்ணீர் சுவரில் அடிக்காமல் செய்த பிறகுதான் குறைந்தது. சுற்றுச்சுவரில் உப்பு பூத்தது, அது புதுப் பூச்சு, 28 நாள் கணக்கு எங்களுக்குத் தெரியாது. வரும் மார்ச்சில் அதை மட்டும் சுரண்டி, குன்னூர்க்காரர் சொன்ன மாதிரி மூலைக்கு மூலை அடிக்கப் போகிறோம். நிறத்தின் நம்பரையும் எந்த பேஸில், அதாவது எந்த அடிப்படைப் பெயிண்டில், கலர் கலந்தது என்பதையும் டப்பா மூடியிலிருந்து பார்த்து மின் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அதுவும் இல்லாவிட்டால் இதே சாம்பல் மறுபடி கிடைக்காது.

வாசல் நிலைக்கு மஞ்சளும் சிவப்புமாக அத்தையே பட்டை அடித்தார். சாயங்காலம் பனிக்குள் சாம்பல் சுவரும் அந்த வாசலும் விளக்கும் தெரிகிறபோது, கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறவரும் அவர்தான்.