மார்கழிப் புதுநெல்லும் வகுப்பாசிரியைக்கான 500 ரூபாயும்

குளக்கட்டு:
எங்கள் பேத்தியின் வகுப்புப் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு ஒரு செய்தி வந்தது. ஆண்டு முடிவதால் வகுப்பாசிரியைக்கு ஒரு சேலையும் ஒரு சுவர் மணிக்கூடும் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பிள்ளைக்கு 500 ரூபாய் வீதம் தர வேண்டுமாம். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். "இது வன்னியின் பழைய வழக்கம், எங்கள் அப்பப்பா மார்கழி விடுமுறைக்கு முன்னர் பனையோலைக் கடகம் நிறையப் புதுநெல் அரிசி கொண்டுபோய் வாத்தியாருக்குக் கொடுத்தவர்" என்று ஒருவர் அதற்கு வரலாறும் எழுதியிருக்கிறார். 40 ஆண்டுகளாக வயல் செய்கிறவன் கேட்கிறேன்: மார்கழியில் புதுநெல் எந்த வயலில் விளைந்தது? ஐப்பசியில் விதைத்த பெரும்போக நெல் மார்கழியில் பச்சைப் பயிராகத் தண்ணீருக்குள் நிற்கும். தைப்பூசத்தன்று முதல் கதிர் கொய்து புதிர் எடுத்த பிறகுதான் எங்கள் வீடுகளில் புதுநெல் உலையில் ஏறும். பணம் சேர்ப்பதென்றால் சேருங்கள், அதற்காக நெல்லைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள்.

பாலைமர நிழல்:
அந்தச் செய்தியை எழுதியவள் நான்தான், ஐயா. குழுவிலேயே கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஊர் முழுவதும் படிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து என் அப்பப்பாவைப் பொய்யராக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சிறுபோகம் என்று இரண்டாவது போகம் ஒன்று இருப்பதை 40 ஆண்டுகள் வயல் செய்தவர் மறந்தது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆவணியிலும் புரட்டாதியிலும் அறுத்த நெல்லை மார்கழியில் குத்திக் கொடுத்திருக்க முடியாதா?

குளக்கட்டு:
கொடுத்திருக்கலாம், பிள்ளை. ஆனால் நான்கு மாதம் சேமிப்புப் பட்டறையில் கிடந்த நெல்லுக்குப் புதுநெல் என்று பெயர் இல்லை. மேலும், சிறுபோகம் என்பது குளத்தில் தண்ணீர் மிஞ்சியிருந்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கருக்கு என்று பங்கு பிரித்த பிறகு செய்கிற போகம். உங்கள் அப்பப்பாவின் வயல் இரணைமடுக் குளத்தின் கீழ் இருந்ததா, அல்லது மழையை நம்பிய மானாவாரியா என்பதை முதலில் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி:
பேச வந்தது ஆசிரியருக்குக் கொடுக்கும் பரிசைப் பற்றி என்று நினைத்து உள்ளே வந்தேன். விவசாயிகளின் கமநல சேவை நிலையத்துக்குள் தவறி நுழைந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்கு என்று இதே குழுக்களில் ஒரு முறை பணம் சேர்த்து மாலை, கேக், நினைவுச் சின்னம் எல்லாம் கொடுத்து முடித்தாகிவிட்டது. இரண்டு மாதம் கழிவதற்குள் மறுபடியும் ஏன்? அரச பாடசாலை ஆசிரியர் அரச ஊழியர். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதை யாராவது வாசித்தீர்களா? பணம் கொடுத்தவர்களின் பெயருக்கு எதிரே பச்சை நிறச் சரி அடையாளம் போட்டுப் பட்டியலைக் குழுவில் பகிர்வதற்குப் பெயர் நன்றிக்கடன் என்றால், நுண்கடன் நிறுவனக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பதையும் நாம் நன்றிக்கடன் என்றே அழைக்கலாம்.

வெண்கட்டி:
நான் ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 11 ஆண்டுகளாக வன்னியில் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் தற்போது ஏழு சுவர் மணிக்கூடுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் என் பெயர் பிழையாக அச்சாகியிருக்கிறது, ஓடுவது ஒன்றே ஒன்று. அவற்றில் ஒன்றையேனும் நான் கேட்டு வாங்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். ஒரு மார்கழியில், தரம் 3 இல் படித்த பிள்ளையொன்று எல்லோரும் போகும் வரை கதவடியில் நின்று, பின்னால் மறைத்து வைத்திருந்த வல்லாரைக் கட்டொன்றை நீட்டியது. வாழைநாரால் கட்டியிருந்தது, வேரில் சேறு காயவில்லை, பிள்ளையின் வெள்ளைச் சட்டை முதுகுப் பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. அதற்குச் சட்டத்தில் என்ன இலக்கம் என்று சந்தியில் நிற்கும் தம்பி சொல்ல வேண்டும்.

குளக்கட்டு:
வல்லாரையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை, மார்கழியில் குளக்கட்டடியில் வல்லாரை கிடைக்கும். கிடைக்காதது புதுநெல். ரீச்சர் வந்தது நல்லதாய்ப் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் 11 மணியானதும் கைப்பையோடு வீதிக்கு வந்து யாழ்ப்பாண பஸ்ஸை மறிக்கிறவர்களுக்கு நாங்கள் எதற்காகச் சேலை கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வெண்கட்டி:
காலை 4 மணிக்கு எழுந்து, பிள்ளையின் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, ஏ9 வீதியால் கிளிநொச்சி வந்து, அங்கிருந்து பரந்தன்-முல்லைத்தீவு வீதியால் இன்னொரு பஸ்ஸில் நின்றபடி வந்து, கடைசி 3 கிலோமீற்றரை மழைக்காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் கடந்து வரும் ஒருவரைப் பார்த்து நீங்கள் இதைக் கேட்கிறீர்கள், ஐயா. கஷ்டப் பிரதேசம் என்ற சொல்லை அரசாங்கம் சும்மா எழுதி வைக்கவில்லை.

குளக்கட்டு:
உங்களுக்குக் கஷ்டப் பிரதேசம், எங்களுக்கு ஊர். அந்தக் கஷ்டத்துக்குக் கொடுப்பனவும் இருக்கிறது. ஐந்து ஆண்டு முடிந்ததும் இடமாற்றக் கடிதத்தோடு போய்விடுகிறவர்களைப் பற்றித்தான் சொன்னேன், தொப்பி அளவாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது கேள்விக்கு வருகிறேன்: பாலைமர நிழல் இன்னும் பதில் சொல்லவில்லை, வயல் எந்தக் குளத்தின் கீழ்?

பாலைமர நிழல்:
ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டுக் குளம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஆசிரியருக்குப் பொருள் கொடுப்பது எங்கள் குடும்பம் கண்டுபிடித்த புதினமும் அல்ல. நன்னூலில் பவணந்தியார் யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று கணக்கிடும் இடத்தில் தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன் ஆகியோருக்கு அடுத்தபடியாக, பொருளை மிகுதியாகக் கொடுப்பவனைச் சேர்த்திருக்கிறார்; வழிபடுகிறவன் அவனுக்குப் பிறகுதான் வருகிறான்.

பரந்தன் சந்தி:
அருமையான சான்று, அக்கா. அந்தச் சூத்திரத்தின்படி பார்த்தால், 500 ரூபாய் கொடுக்க முடியாத பிள்ளை வழிபடுகிறவன் வரிசையில் போய் நிற்க வேண்டும். நாங்கள் பயப்படுவதும் அதற்குத்தான்.

குளக்கட்டு:
நன்னூலிலும் மார்கழிப் புதுநெல் இல்லை. முத்தையன்கட்டு வாய்க்கால் தண்ணீர் உங்கள் அப்பப்பாவின் வயலுக்கு எந்த ஆண்டில் வந்தது, அவர் வாத்தியாருக்கு அரிசி கொடுத்தது எந்த ஆண்டில் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். வாய்க்காலுக்கு முந்திய கதையாக இருந்தால் சிறுபோகமும் போய்விடும்.

கிடுகுப்பள்ளி:
நான் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்தவள். நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருந்து தலை நரைத்தவர்களில் ஒருத்தி. 2009 இல் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோருக்கான மனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் பிள்ளைகளை இருத்தி எழுதப் பழக்கினோம். கொப்பிகள் போதவில்லை, ஒரு பென்சிலை முறித்து இரண்டு பேருக்குக் கொடுத்தோம். அங்கே ஒரு தாய், நிவாரணத்தில் கிடைத்த சவர்க்காரக் கட்டியை நூலால் இறுக்கி இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பழைய கொப்பித் தாளில் சுற்றி, "ரீச்சர், இதை மறுக்கக் கூடாது" என்று என் கையில் வைத்தார். அன்று எனக்கும் குளிக்கச் சவர்க்காரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சேலையையும் மணிக்கூட்டையும் பற்றி எழுதுகிறவர்கள் யாராவது ஒருவருக்கு, வகுப்பில் படிப்பித்தும் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களின் நினைவு வந்ததா? அந்த வகுப்பாசிரியைக்கு மாதச் சம்பளம் வருகிறது. பக்கத்து வகுப்பில் நிற்கும் தொண்டர் ஆசிரியைக்குப் பஸ் காசுகூட இல்லை. அவருக்கு ஒரு பட்டியலையும் நான் காணவில்லை.

வெண்கட்டி:
அதற்கு நாங்கள் என்ன செய்வது? நியமனம் கொடுக்காதது நாங்களா?

கிடுகுப்பள்ளி:
நீங்கள் கொடுக்கவில்லைதான். ஆனால் எங்களை "தொண்டர்" என்று அழைத்து, உங்கள் விடுமுறை நாட்களில் உங்கள் பாடங்களை எங்கள் தலையில் கட்டியவர்கள் நீங்கள்.

குளக்கட்டு:
சவர்க்காரக் கதையைப் படித்து என் மனைவி கண் கலங்கினாள், எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தத் தாய் அதற்குப் பழைய வழக்கம் என்று பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வயல் இருந்தவன் வாத்தியாருக்கு நெல் கொடுத்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, குடிசை போட்டு, எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றவர்கள் எதைக் கொடுத்தார்கள்? அவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தார்கள். வழக்கம் என்று எழுதுகிறபோது யாருடைய வழக்கம் என்று சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் அந்தக் கடகத்தை நான் விடுவதாக இல்லை.

பாலைமர நிழல்:
நீங்கள் கூலி கொடுத்த கணக்கை அவர்களிடமே கேட்டால் இன்னொரு கதை வரும், ஐயா, அது கிடக்கட்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் சனிக்கிழமையும் வந்து, ஒரு சதம் வாங்காமல் வகுப்பு எடுத்தவர் எங்கள் வகுப்பாசிரியை. அதற்காகப் பெற்றோர் மனம் விரும்பிச் சேர்க்கிற பணம் இது. தர முடியாதவர்களிடம் நான் கேட்கவில்லை.

பரந்தன் சந்தி:
பட்டியலில் பெயருக்கு எதிரே வெற்றிடம் விட்டிருப்பது கேட்பதைவிட உரத்துக் கேட்கும். அத்துடன் ஒரு சந்தேகம்: கொரோனாவுக்குப் பிறகு கல்வியாண்டே தள்ளிப்போய் வேறு மாதங்களில் முடிந்ததல்லவா? அந்த ஆண்டுகளில் அப்பப்பாவின் புதுநெல்லுக்கு வாய்ப்பு இருந்திருக்குமோ?

குளக்கட்டு:
தம்பி, அப்பப்பா கொரோனாவுக்கு முன்னரே காலமானவராக இருக்க வேண்டும். குறும்பு செய்ய வேண்டாம்.

பாலைமர நிழல்:
அவர் கடைசி வரை 'பச்சைப்பெருமாள்' என்ற பழைய நெல்லினத்தின் பெயரைச் சொன்னால் கண் மலர்கிறவர். அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன்; கடகம் கொண்டுபோனது அவருக்கும் நினைவிருக்கிறது, மாதம்தான் நினைவில்லை.

குளக்கட்டு:
மாதம் நினைவில்லை! இதைத்தான் நான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாசியில் கொடுத்திருப்பார். மாசியில் பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஆகவே அது ஆண்டிறுதிப் பரிசு ஆகாது. அறுவடை முடிந்ததும் கோயிலுக்கும் வாத்தியாருக்கும் துணி வெளுக்கிற கட்டாடிக்கும் வீட்டுக்காரர் அனுப்புகிற பங்கு. மணிக்கூட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பாலைமர நிழல்:
மாதம் நினைவில்லை என்றால் மார்கழி இல்லை என்று பொருள் ஆகாது. ஐயா, இன்னொரு செய்தி: பட்டியலில் உங்கள் பேத்தியின் பெயருக்கு எதிரே சரி அடையாளம் இருக்கிறது. உங்கள் மருமகள் நேற்றிரவே, முதல் ஆளாக, 1000 ரூபாய் தந்துவிட்டார்.

பரந்தன் சந்தி:
நான் ஒரு தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வருகிறேன், யாரும் போய்விட வேண்டாம்.

குளக்கட்டு:
அது மருமகளின் பணம், அவளுடைய விருப்பம். என்னிடம் கேட்டுக் கொடுக்கவில்லை. மீதி 500 ரூபாயைப் பக்கத்து வகுப்பில் நிற்கிற தொண்டர் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி அவளிடம் சொல்கிறேன். வாய்க்கால் வந்த ஆண்டை நீங்கள் இன்னும் எழுதவில்லை.