மறு: 'ஆன்-பேஜ் எஸ்இஓ': பக்கம் பண்படுத்தல் எனலாமா?

மாங்குளத்திலிருந்து:

வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகளுக்கு இணையத்தளம் கட்டும் வகுப்பு ஒன்று எடுக்கிறேன். 'ஆன்-பேஜ் எஸ்இஓ' (தேடுபொறியில் ஒரு பக்கம் முன்னுக்கு வரும்படி அந்தப் பக்கத்துக்குள்ளேயே செய்யும் வேலை) என்ற பாடம் வந்ததும் தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். இணையத்தில் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்று காண்கிறேன். அதற்கு முன்னால் 'பக்க' சேர்த்து 'பக்கத் தேடுபொறி உகப்பாக்கம்' என்று பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை, "ரீச்சர், அப்ப நடுத் தேடுபொறி எண்டும் ஒண்டு இருக்கோ?" என்று கேட்டது. பகிடிக்குக் கேட்கவில்லை. அப்படித்தான் அதற்கு விளங்கியிருக்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து:

ரீச்சருக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

அந்தப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. 'பக்க' என்று தொகையின் முன்னால் வந்தால் தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது ஓரம்தான்: பக்க விளைவு, பக்கச்சார்பு, பக்கவாத்தியம். புத்தகத்தின் பக்கம் பிறகுதான் நினைவுக்கு வரும். எனவே எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் 'பக்க' என்று குறுக்காமல் விடுவோம்.

உகப்பாக்கம் பற்றி. அந்தச் சொல்மீது எனக்குக் குறையில்லை. கணிதத்தில் அதற்கு இடம் உண்டு: சில கட்டுப்பாடுகளுக்குள் நின்று ஒரு சார்பின் உயர்வுப் பெறுமானத்தையோ இழிவுப் பெறுமானத்தையோ காண்பது. அங்கே விடை இருக்கிறது, அதை அடைந்துவிட்டோம் என்று நிறுவவும் முடியும். இணையப் பக்கத்தில் அப்படியொரு உச்சத்தை யார் கண்டது? கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையை முழுவதும் வெளியே சொல்வதில்லை, அடிக்கடி மாற்றியும் விடுகிறது. நாங்கள் பக்கத்தைத் துப்புரவாக்கி, ஒழுங்காகத் தலைப்பிட்டு, வாசிக்கிறவருக்கு இலகுவாக்கிவிட்டுப் பொறுத்திருந்து பார்க்கிறோம். கணக்குச் செய்கிறவரைவிடக் கமக்காரருக்குப் பழக்கமான வேலை இது.

என் முன்மொழிவு: பக்கம் பண்படுத்தல்.

'நிலம் பண்படுத்தல்' என்கிறோமே, அதே அமைப்பு. 'பக்கம்' முழுச் சொல்லாகவே நிற்பதால் ஓரம் என்ற மயக்கம் வராது.

இந்தச் சொல் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்கிறேன். பரந்தனுக்குக் கிட்ட ஒரு அக்கா மொட்டைக்கறுப்பன் அரிசியும் அரிசிமாவும் விற்கிறார். வெளிநாட்டில் இருக்கிற மகன் தளம் ஒன்று செய்து கொடுத்திருந்தான். பார்க்க வடிவான தளம். ஆனால் 'மொட்டைக்கறுப்பன் அரிசி கிளிநொச்சி' என்று தேடினால் அது தலைகாட்டாது. போய் இருந்து திறந்து பார்த்தேன். தேடல் விடையில் பக்கத்தின் பெயராகத் தெரியும் தலைப்புக் குறியில் 'முகப்பு' என்ற ஒரு சொல் மட்டும். அரிசியின் பெயர், விலை, எங்கே வாங்கலாம் என்ற விபரம் எல்லாம் ஒரே படத்துக்குள், கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி. முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள், பக்கத்தில் எழுத்தாகவே இடுங்கள் என்று கூகுளே சொல்கிறது. அந்தப் படம் போனில் எடுத்தபடியே நான்கு எம்பிக்கு மேல். பக்கத்தின் பெரிய உருப்படி 2.5 செக்கனுக்குள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. ஏ9 வீதியை விட்டுச் சற்று உள்ளே இறங்கினால் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாங்க வந்த ஆள் படம் முழுவதும் தெரியுமுன் போய்விடும்.

இரண்டு பின்னேரம் வேலை செய்தோம். தலைப்பில் அரிசியின் பெயரும் ஊரின் பெயரும் வந்தன. படத்துக்குள் இருந்த விபரத்தைக் கீழே எழுத்தாக இறக்கினோம். படத்தைச் சுருக்கி, கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மாற்றுரையும் எழுதினோம். அரிசிக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று என்று பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடுப்பு (லிங்க்) கொடுத்தோம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "தம்பி, விதைக்க முதல் காணியைப் பண்படுத்திற மாதிரித்தான் போல" என்றார். சொல் அவருடையது, நான் சுமந்து வந்தது மட்டும்தான்.

வன்னியில் இருந்துகொண்டு பாமினியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் ஊர்ப் பழைய தளங்களில் பல பாமினி எழுத்துருவில் தட்டியவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு தமிழ் உருவத்தை மேலே போர்த்திக் காட்டுகிறது. ஒருவர் இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் 'வற்றாப்பளை' என்று தட்டித் தேடினால், பாமினியில் பக்கம் பக்கமாக வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பற்றி எழுதியிருந்தாலும் பொருந்தாது. இயந்திரத்துக்கு அது தமிழே அல்ல. இருபது வருடம் உழைத்து எழுதிய ஊர் வரலாறுகள், மரண அறிவித்தல்கள், பாடசாலை மலர்கள் இப்படி யாரும் தேடிக் காணமுடியாமல் கிடக்கின்றன என்று நினைக்க எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலிக்கிறது. தலைப்பு, மாற்றுரை எல்லாம் பிறகு. முதலில் யூனிகோட்டுக்கு மாற்றவேண்டும். காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் எங்கள் அப்பு கட்டை பிடுங்காமல் ஏரைக் காணிக்குள் இறக்கவில்லை. 'உகப்பாக்கம்' என்ற சொல்லுக்குள் இந்த வேலை அடங்குமா? 'பண்படுத்தல்' என்றால் கேட்காமலே அடங்கும்.

இணைய முகவரி (யூஆர்எல்) விடயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விரும்புவார்கள். 'கிளிநொச்சி' எங்களுக்கு ஐந்து எழுத்து. யூனிகோட்டில் பத்துக் குறியீடு. அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் வீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிவதால் 90. கூகுளுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்த நீளத்தைக் கண்டு வைரஸ் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முகவரியைக் குறுக்கி வைத்துக்கொண்டு தலைப்பைத் தமிழில் நிறைவாக எழுதுவேன். இதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

ஒரு கலைச்சொல் வினையாக ஓடுகிறதா என்றும் பார்ப்பது என் வழக்கம். 'இந்தப் பக்கத்தை உகப்பாக்கினேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், யாரும் சொல்லமாட்டார்கள். 'நேற்றுத்தான் பண்படுத்தினனான்', 'பண்படுத்தாத பக்கம்', 'அதையும் ஒருக்காப் பண்படுத்திவிடு': மூன்றும் பேச்சில் தடக்கவில்லை. எதிரான செயலுக்கும் வயலிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க நூறு தரம் இறைத்து வைப்பதைச் 'சொல் திணிப்பு' என்போம். யூரியா அளவுக்கு மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாக எழும்பிக் கதிர் வரும் நேரத்தில் சாய்ந்து படுத்துவிடும். கூகுளும் சொல் திணிப்பைக் குப்பை வேலை என்றுதான் தன் விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கடைசியாக, வெளியே நடக்கும் பாதி. மற்றத் தளங்கள் எங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் தொடுப்புகள். 1998 இல் கூகுள் தொடங்கியபோதே அதன் அடிப்படை எண்ணம் இதுதான்: நல்ல பக்கங்கள் எதைச் சுட்டுகின்றனவோ அதற்கு மதிப்புக் கூடும். அப்படித் தொடுப்புச் சேர்ப்பதைத் 'தொடுப்புத் தேட்டம்' என்று சொல்லலாம் என்பேன். தேட்டம் எங்கள் சொல். 1707 இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து மூன்று வகை. மணவாழ்க்கைக் காலத்தில் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். தொடுப்பும் அப்படி உழைத்துச் சேர்க்கவேண்டிய பொருள். காசு கொடுத்துத் தொடுப்பு வாங்கிக் குவித்த தளங்களை 2012 இல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தால் கூகுள் கீழே இறக்கியது. 'தேடு' என்ற வேர் தேடுபொறிக்கும் தேட்டத்துக்கும் பொருந்துவதையும் கவனியுங்கள்.

முள்ளியவளையிலிருந்து:

தம்பிக்கு. உன் மடலை இரண்டு தரம் வாசித்தேன். பாமினி பற்றி எழுதியது என் மனதிலும் இருந்தது. எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் மலர் இன்னும் அப்படித்தான் கிடக்கிறது.

ஆனால் ஒரு மறுப்பு. நான் முப்பது வருடம் வயல் செய்தவன். பண்படுத்தல் விதைப்புக்கு முதல் செய்து முடிக்கிற வேலை. விதைத்த பிறகு களை எடுப்பது, பசளை போடுவது, தண்ணீர் கட்டுவது எல்லாம் வேறு வேலை, வேறு பெயர். கூகுள் தன் முறையை அடிக்கடி மாற்றிவிடுகிறது என்று நீயே எழுதுகிறாய். பக்கத்தையும் தொடர்ந்து பார்க்கத்தானே வேண்டும். அப்படியென்றால் 'பராமரிப்பு' அல்லவா கிட்டவான சொல்?

இன்னொன்று. 'கீவேர்ட்' என்பதற்குத் 'திறவுச்சொல்' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். கடவுச்சொல்லோடு மாறிப்போகிறது. அதற்கும் ஒரு வழி சொல்.

கிளிநொச்சியிலிருந்து:

ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்தேன்.

பராமரிப்பு என்றால் வழங்கியை (சேர்வரை) ஓடவைப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, காப்புப்படி எடுப்பது என்று தளத்தின் மற்ற வேலைகளெல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தச் சொல்லை அவற்றுக்கே விடவேண்டும். பண்படுத்தல் ஒரு போகத்துக்கு முடிந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் மாரிமழையில் செய்யும் காலபோகத்துக்குப் பண்படுத்திய வயலை, அடுத்து வரும் சிறுபோகத்துக்கு அப்படியே விதைக்கிறீர்களா? திரும்ப உழுது, திரும்ப மட்டம் அடித்துத்தானே விதைக்கிறீர்கள். பக்கமும் அப்படித்தான். அக்காவின் அரிசிப் பக்கத்தை அறுவடை முடிந்து புது அரிசி வரும்போது திரும்பப் பண்படுத்துகிறோம்: விலை, படம், தலைப்பு எல்லாவற்றையும். இடையில் நாளாந்தம் தொடுவதில்லை. வேலையின் ஓட்டமே போகக் கணக்கில்தான் இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகக் கூட்டத்தில் இவ்வளவு ஏக்கர்தான் என்று முடிவெடுப்பது போல, இருநூறு பக்கம் உள்ள தளத்தில் எந்தப் பத்துப் பக்கத்தைப் பண்படுத்துவது என்று தெரிந்தெடுக்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே சொல்லை வைத்துக்கொண்டு, உங்கள் மறுப்பை அதன் விளக்கத்துக்குள் சேர்க்கிறேன்: 'ஒருமுறையோடு முடியாது, போகத்துக்குப் போகம் செய்வது'.

கீவேர்டுக்குத் 'தேடுசொல்' என்பேன். காரணம் குழப்பம் மட்டுமல்ல. திறவுச்சொல் என்றால் பக்கத்தின் சொந்தக்காரர் தன் கையில் வைத்திருக்கும் சாவி என்று படுகிறது. முன்பு அப்படித்தான் நினைத்துப் பக்கத்தின் மறைவான குறி ஒன்றுக்குள் சொற்களை அடுக்கினார்கள். இணையத் தேடலில் அந்தக் குறியை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டெம்பரில் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. சொல் இருப்பது தேடுகிறவரின் வாயில். நாங்கள் 'மொட்டைக்கறுப்பன்' என்று எழுதுகிறோம், சிலர் 'மொட்டைக்கருப்பன்' என்று தேடுகிறார்கள். அந்த எழுத்தும் பக்கத்தில் ஓரிடத்தில் இயல்பாக வரவேண்டும். 'தேடுசொல்' என்றால் அது யாருடைய சொல் என்று பிள்ளைக்கு உடனே தெரியும்.

ரீச்சர், பாடத்தாளுக்கு இப்போதைக்கு இவை: பக்கம் பண்படுத்தல், தொடுப்புத் தேட்டம், தேடுசொல், சொல் திணிப்பு, மாற்றுரை. வகுப்பில் எது பிள்ளைகளின் வாயில் ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று எழுதுங்கள். ஐயா, அந்தப் பழைய மாணவர் மலரை எனக்கு அனுப்பிவையுங்கள். பாமினியிலிருந்து மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து, பக்கம் பக்கமாகத் தலைப்பிட்டுத் தருகிறேன்.